லிஸ்ட்பாக்ஸுக்கு நல் கொடுக்கச் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு

டெஸ்க்டாப் நிரலாக்கம் நடத்தும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் திரைகளை டாட்நெட்டில் கட்டக் கற்றுத்தரும் வின்ஃபார்ம்ஸ் வகுப்பில் நீங்கள் போகிறபோக்கில் சொல்லித்தரும் ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல். பட்டியலில் ஒன்றைச் சேர்த்தோம், அதைத் திரையில் காட்டும் லிஸ்ட்பாக்ஸில் வரவில்லை. மாணவர் கைதூக்குகிறார். "டேட்டாசோர்ஸை நல் ஆக்கு, பட்டியலைப் புதிதாக எடுத்துக் கொடு" என்கிறீர்கள். அதாவது, தரவு எங்கிருந்து வருகிறது என்று சொல்லும் டேட்டாசோர்ஸில் 'ஒன்றுமில்லை' (null) என்று வைத்துவிட்டு, பட்டியலை மறுபடி மாட்டுவது. வந்துவிடுகிறது. பாடம் நகர்ந்துவிடுகிறது.

நானும் அப்படித்தான் படித்தேன். அதை நம்பி ஓர் அலுவலகத்துக்குப் பதிவேட்டு நிரல் எழுதிக்கொடுத்தேன். அங்கே ஓர் அம்மா 400-ஆவது வரிக்கு உருட்டிப்போய், எழுத்துப்பிழை திருத்திச் சேமிப்பார். பட்டியல் தடாலென்று மேலே ஓடிவிடும். "ஏன் தம்பி, ஒவ்வொரு தடவையும் மேல போயிடுது?" என்று கேட்டபோது சிரித்து மழுப்பினேன். ஒருநாள் சேமித்த கையோடு, அதே வரி வேண்டாமென்று டெலீட்டை அழுத்தினார். அழிந்தது முதல் வரி. புதுப் பட்டியலைக் கட்டியதும் தேர்வு 0-க்குப் போய்விடுகிறது. அது எனக்கே அன்றுதான் உறைத்தது. பழி என்னவோ அவர்மேல் விழுந்தது.

நல் கொடுத்தால், உருப்படியின் எந்தப் பகுதியைத் திரையில் காட்டுவது என்று சொல்லும் டிஸ்ப்ளேமெம்பரும் காலியாகும். அதைத் திரும்ப எழுத மறந்தால், பெயர்கள் இருந்த இடத்தில் வரிக்கு வரி கிளாஸின், அதாவது நிரலில் அந்த உருப்படிக்கு வைத்த வகையின், பெயர் நிற்கும். ரிஃப்ரெஷ் என்று ஒரு மெத்தட் இருக்கிறதே, அது கண்ட்ரோலை (இங்கே லிஸ்ட்பாக்ஸை) மறுபடி வரையும், அவ்வளவுதான். தரவில் என்ன மாறியது என்று போய்ப் பார்க்காது. அந்தப் பெயரை வைத்தவர்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

லிஸ்ட்பாக்ஸ்மேல் குற்றமில்லை. நிரலில் தரவை வைத்திருக்கும் சாதாரண லிஸ்ட் தன்னிடம் ஏதாவது சேர்ந்தால் யாரிடமும் சொல்லாது. பைண்டிங்லிஸ்ட் சொல்லும், லிஸ்ட்சேஞ்ச்டு என்ற நிகழ்வை எழுப்பும். 2005-இல் டாட்நெட் 2.0-உடன் வந்த சங்கதி இது. உருப்படியின் கிளாஸில், தன் மதிப்பு மாறினால் அறிவிக்கும் ஐநோட்டிஃபைப்ராப்பர்ட்டிசேஞ்ச்டும் இருந்தால், திருத்திய ஒரு வரி மட்டும் மாறும், தேர்வு நின்ற இடத்தில் நிற்கும். கிளாஸைத் தொட முடியாதா? ரீசெட்ஐட்டம் என்று அந்த வரியின் எண்ணைக் கொடுத்தால் போதும். ஆயிரக்கணக்கில் சேர்க்கும்போது மட்டும் அந்த அறிவிப்புக்கான ரெய்ஸ்லிஸ்ட்சேஞ்ச்டுஈவன்ட்ஸை அணைத்துவிட்டு, கடைசியில் அதைத் திரும்ப இயக்கி, முழுப் பட்டியலையும் புதுப்பிக்கச் சொல்லும் ஒரே ஒரு ரீசெட்பைண்டிங்ஸ். பின்னணியில் தனியாக ஓடும் த்ரெட்டிலிருந்து சேர்ப்பதானால், திரையை நடத்தும் த்ரெட்டிடம் வேலையை ஒப்படைக்கும் இன்வோக் வழியாகத்தான். இதை மாணவர்கள் பிழைச்செய்தி பார்த்துக் கற்பதைவிட உங்களிடம் கேட்டுக் கற்கலாம்.

கண்ட்ரோலைக் கட்டும் முதல் நாளே பைண்டிங்லிஸ்ட்டைக் கையில் கொடுங்கள். நல் வரியையும் காட்டுங்கள், மறைக்க வேண்டாம். ஆனால் மூன்றே வரியுள்ள பட்டியலில் காட்டாதீர்கள். அதில் எந்தக் கோளாறும் தெரியாது. 500 வரி நிரப்பி, கடைசிக்கு உருட்டிப்போய், ஒன்றைத் திருத்திச் சேமிக்கச் சொல்லுங்கள். தேர்வு எங்கே போய் நிற்கிறதென்று மாணவர்களே பார்க்கட்டும்.

இப்படிக்கு,
அந்த முதல் வரியை பேக்கப்பிலிருந்து தேடி எடுத்தவன்