மூட்டோடு முடிவதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

உடலின் எதிர்ப்பாற்றல் தன்னையே தாக்கி அழற்சி உண்டாக்கும் முடக்குவாதம், சோரியாசிஸ், லூப்பஸ் போன்ற நோய்களைப் பற்றி எழுதுவோர் மூட்டையும் தோலையும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். அதே அழற்சி ரத்தக்குழாயின் உட்சுவரையும் அரிக்கிறது. முடக்குவாதம் உள்ளவருக்கு இதய அபாயத்தைக் கணக்கிடும்போது, வரும் எண்ணை 1.5ஆல் பெருக்கச் சொல்கிறது ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்பான யூலார்.

பலரை ஏமாற்றுவது கொலஸ்ட்ரால் சோதனைதான். மூட்டுகள் வீங்கி நோய் சீறும் நேரத்தில், கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் தானாக இறங்கும். இதய அபாயமோ ஏறியே நிற்கும். சிகிச்சையில் அழற்சி அடங்கியதும் எல்டிஎல் மேலே வரும். உடனே மருந்தின் மேல் பழிபோட்டு அதை நிறுத்துவது தவறு. நோய் அடங்கியிருக்கும்போது எடுத்த அளவே நம்பத்தக்கது. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவை மட்டும் வைத்தும் இவர்களின் இதய அபாயத்தைச் சொல்லிவிட முடியாது, மூட்டழற்சியே அதை ஏற்றிவிடும்.

கால்வலியைப் பிரித்தறிவது இன்னும் முக்கியம். அழற்சி வலி காலையில் விறைப்போடு வந்து, நடக்க நடக்கத் தளரும். காலின் ரத்தக்குழாய் அடைப்பால் வரும் வலி நேர்மாறு: குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்காலைப் பிடிக்கும், நின்றால் சில நிமிடத்தில் விடும். மூட்டுவலியால் நடையே குறைந்தவருக்கு இந்த அறிகுறி, ஏன் நெஞ்சுவலிகூட, வெளியே தெரியாமல் போகலாம்.

ஐயம் இருந்தால் கணுக்கால், கை ரத்த அழுத்த ஒப்பீடு எளிது. சில நிமிடம் படுத்திருந்தபின் இரண்டையும் அளந்து, கணுக்கால் எண்ணைக் கை எண்ணால் வகுப்பார்கள். 0.9 அல்லது அதற்குக் கீழ் என்றால் அடைப்பு, 1.4க்கு மேல் போனால் குழாய் கெட்டிப்பட்டு அளவே பொய்யாகலாம். கழுத்து ரத்தக்குழாய் அல்ட்ராசவுண்டில் சுவரில் சேர்ந்த கொழுப்புப் படிவை நேரடியாகப் பார்க்கலாம். இதயக் குழாய்களில் படிந்த சுண்ணாம்பை அளக்கும் கால்சியம் ஸ்கேனில் பூஜ்யம் வந்தாலும், சுண்ணாம்பு படியாத இளம் படிவு அதில் தெரியாது.

டைக்ளோஃபெனாக், எட்டோரிகாக்சிப் போன்ற வலிமாத்திரைகளும் ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசலோனும் ரத்த அழுத்தத்தை ஏற்றும். வலிக்கும்போதெல்லாம் விழுங்குபவர்கள் வீட்டிலேயே அழுத்தத்தை அளந்து குறித்துவைக்க வேண்டும்.

சிங்கப்பூரின் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் நீங்கள் பதிந்த குடும்ப மருத்துவரிடம் போகும்போது, மருத்துவமனையில் பார்க்கும் வாதநோயின் பெயரையும் மருந்துப் பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள். முடக்குவாதமும் சோரியாசிசும், மருத்துவச் செலவுக்கான சேமிப்பான மெடிசேவைப் பயன்படுத்தக்கூடிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. அந்தச் சந்திப்பிலேயே கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றுக்கும் சோதனையைக் கேட்டு வாங்கலாம்.

வாசகர்,
ஈசூன்