நான்காம் நாளை எங்களுக்கு விட்டுவையுங்கள்

டெஸ்ட் கிரிக்கெட் பிட்ச் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிற பெரியவர்களுக்கு,

வணக்கம்.

பெயர் சொல்லி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். யார் பெயரைச் சொல்வது? கேப்டனைக் கேட்டால் பிட்ச் என் கையில் இல்லை என்பார். மைதானத்தில் வேலை பார்ப்பவர் மேலிடம் சொன்னதைச் செய்தேன் என்பார். 2025 நவம்பரில் கொல்கத்தாவில் தென்னாப்பிரிக்காவிடம் மூன்றே நாளில் தோற்றபோது மட்டும், நாங்கள் கேட்டு வாங்கிய பிட்ச்தான் இது என்று பயிற்சியாளரே ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்கு நன்றி. கேட்ட வரம் கிடைத்தது. 124 ரன் எடுத்தால் வெற்றி. நாம் எடுத்தது 93.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். ஐந்து நாள் ஆட்டமான டெஸ்ட் என்று டிக்கெட் விற்றால் நான்காம் நாளும் ஆட்டம் இருக்கிற மாதிரி பிட்ச் போடுங்கள். பந்து சுழல வேண்டாம் என்று சொல்லவில்லை. தாராளமாகச் சுழலட்டும். முதல் நாள் தேநீர் இடைவேளைக்கு முன்பே புழுதி கிளம்ப வேண்டாம், அவ்வளவுதான்.

கொல்கத்தா தூரம். நான் மும்பைக்காரன், தாராவியில் வளர்ந்த திருநெல்வேலிக் குடும்பத்துப் பையன். என் வயிற்றெரிச்சல் எங்கள் ஊர் வான்கடே மைதானத்தில் இருக்கிறது. 2024 நவம்பர் 1, தீபாவளிக்கு மறுநாள், நியூசிலாந்துடன் மூன்றாவது டெஸ்ட். 12 வருடமாகச் சொந்த மண்ணில் தொடரே இழக்காதிருந்த நம் அணி, பெங்களூரில் 46 ரன்னுக்குச் சுருண்டு, புனேயில் அவர்களுடைய சுழற்பந்து வீச்சாளர் சான்ட்னரிடம் 13 விக்கெட் கொடுத்து, தொடரை இழந்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தது. புனேயில் சுழலும் பிட்ச் போட்டு நாமே மாட்டிக்கொண்டோமே, இங்கேயாவது யோசிப்பார்கள் என்று பார்த்தால், முதல் நாளே 14 விக்கெட். இரண்டாம் நாள் 15. ஞாயிற்றுக்கிழமை 147 ரன் துரத்தி 121-க்கு ஆல் அவுட். ரிஷப் பந்த் ஒருவர் மட்டும் 64 அடித்தார். மும்பையில் பிறந்து நியூசிலாந்துக்குப் போன சுழற்பந்து வீச்சாளர் அஜாஸ் படேல் அந்த டெஸ்டில் 11 விக்கெட் எடுத்தார். 2021-ல் இதே மைதானத்தில் ஒரே இன்னிங்ஸில் பத்தையும் எடுத்தவர் அவர். அவருக்கு இந்த பிட்சைப் பரிசாகக் கொடுத்த புண்ணியவான் யாரோ.

எங்கள் சந்தில் ஒரு இட்லி அண்ணாச்சி இருக்கிறார். சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு விடியுமுன் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் விற்றுத் தீர்த்துவிட்டு வருகிறவர். 1984-ல் நம் சுழற்பந்து வீச்சாளர் சிவராமகிருஷ்ணன் வான்கடேயில் இங்கிலாந்தின் 12 விக்கெட்டைச் சாய்த்த கதையைச் சொல்லாமல் யாருக்கும் சட்னி ஊற்ற மாட்டார். ஞாயிறுதான் அவருக்கு நல்ல வியாபாரம். அதனால் திங்கட்கிழமைக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். நான்காம் நாள்.

இட்லிக் கணக்கு உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், சொல்கிறேன். திங்கள் காலை இட்லிக்கு ஞாயிறு காலையே அரிசியும் உளுந்தும் ஊறப் போட வேண்டும். மதியம் ஆட்டி, ராத்திரி முழுக்கப் புளிக்க விட வேண்டும். மறுநாள் மேட்ச் பார்க்கப் போகிறோமே என்று அண்ணாச்சி அந்த ஞாயிறு ஊறப் போடவில்லை. மதிய இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் ஆட்டமே முடிந்துவிட்டது. அதற்கு மேல் எதை ஊறப்போட்டு எதை ஆட்டுவது? திங்கட்கிழமை அவருக்கு மேட்சும் இல்லை, மாவும் இல்லை. டிக்கெட் பணத்தை விடுங்கள், ஒரு நாள் வரும்படி போனது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நாலாம் நாள் பிட்ச்சுல அஷ்வின் போடுறதைப் பாக்கணும்னு இருந்தேன் தம்பி" என்றார்.

அடுத்த மாதம் ஆஸ்திரேலியாவில் வைத்து அஷ்வின் ஓய்வை அறிவித்தார். இந்திய மண்ணில் அவருடைய கடைசி டெஸ்ட், மூன்றாம் நாள் மதியமே முடிந்துபோன அந்த வான்கடே டெஸ்ட்தான்.

சுழற்பந்துக்கு உதவத்தானே இப்படி பிட்ச் போடுகிறோம் என்பீர்கள். இல்லை ஐயா, நீங்கள் கெடுப்பதே சுழற்பந்தைத்தான். 2016 டிசம்பரில் இதே வான்கடேயில் இங்கிலாந்து முதல் இன்னிங்ஸில் 400 அடித்தது. நம் பக்கம் கோலி 235, நம்ம முரளி விஜய் 136, ஒன்பதாவதாக இறங்கிய ஜெயந்த் யாதவ் 104. மொத்தம் 631. இவ்வளவு ரன் வந்த பிட்சில் அஷ்வின் எடுத்தது 12 விக்கெட். ஐந்தாம் நாள் காலையில் இன்னிங்ஸ் வெற்றி. பந்தைத் தூக்கிப் போடுவார், காற்றில் ஒரு பக்கமாக நகர்த்துவார், அடிக்க ஆசை காட்டிக் கடைசி நொடியில் விழ வைப்பார். மூன்று ஓவர் வெளியே திருப்பிக் காட்டிவிட்டு நாலாவதில் நேராக ஒன்றை விடுவார். அதைப் பார்க்கத்தானே நாங்கள் வருகிறோம்!

பொடியாகிப் போன பிட்சில் இந்த வித்தை எதுவும் தேவைப்படாது. வேகமாக, குத்தினாற்போல, ஒரே இடத்தில் போட்டால் போதும். ஒன்று திரும்பும், இன்னொன்று நேராக வரும். எது எது என்று போட்டவருக்கே தெரியாது. பேட்ஸ்மேன் திரும்பும் என்று ஆடுவார், நேராக வந்து காலில் படும். இப்படிப்பட்ட பிட்சில் உலகத்தரமான ஸ்பின்னருக்கும் வார இறுதியில் கை சுழற்றுகிறவருக்கும் இடையில் இருக்கிற தூரம் காணாமல் போய்விடுகிறது. 2004-ல் வான்கடேயில் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கிளார்க் 9 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். 2021-ல் அகமதாபாத்தில் இங்கிலாந்தின் ஜோ ரூட் 8 ரன்னுக்கு 5. இருவரும் பேட்ஸ்மேன்கள். அந்த இரண்டு டெஸ்டையும் நாம் ஜெயித்தோம், அதனால் நாம் அதைப் பெரிதுபடுத்தவில்லை. 2006-ல் இங்கிலாந்தின் ஷான் உடால் என்ற 37 வயது சுழற்பந்து வீச்சாளர் நம்மை 100 ரன்னில் சுருட்ட உதவியதும் இதே வான்கடேயில்தான். 2012-ல் முதல் பந்திலிருந்தே திரும்பும் பிட்ச் வேண்டும் என்று அங்கேயே கேட்டு வாங்கினோம்; இங்கிலாந்து ஸ்பின்னர்கள் பனேசரும் ஸ்வானும் சேர்ந்து 19 விக்கெட் எடுத்துப் போனார்கள். ஒரே குழியில் இத்தனை முறை விழுந்த பிறகும் மண்வெட்டி நம் கையிலேயே இருக்கிறது.

பெங்களூரில் 1987-ல் இதைவிட மோசமான பிட்சில் கவாஸ்கர் 96 அடிக்கவில்லையா என்று சிலர் கிளம்புவார்கள். அடித்தார். அவர் கவாஸ்கர். அந்த டெஸ்டிலும் பாகிஸ்தானிடம் 16 ரன்னில் தோற்றோம் என்பதைச் சேர்த்துச் சொன்னால் நல்லது.

வெளிநாட்டுக்காரர்கள் நம் பிட்சைப் பழிப்பதற்கு நான் தாளம் போடவில்லை. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் 2024 ஜனவரியில் வெறும் 642 பந்தில் ஒரு டெஸ்ட் முடிந்தது. வேகப்பந்து எகிறினால் வீரம், சுழல்பந்து திரும்பினால் சூதா? அந்தச் சண்டையில் நான் உங்கள் பக்கம். ஆனால் அதைச் சொல்லி என் நான்காம் நாளைப் பறிக்காதீர்கள்.

சொல்ல ஆரம்பித்தால் நிறைய வருகிறது. நம் ஊர் மைதானங்களில் வாசலிலேயே தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொள்கிறார்கள், பையில் கிடக்கிற சில்லறைக் காசையும் விடுவதில்லை. வெயிலில் காய்கிற எங்களுக்கும் தண்ணீர் கிடையாது, நடுவில் காய்கிற பிட்சுக்கும் கிடையாது. இந்தச் சமத்துவம் பாராட்டத்தக்கது. சரி, அது வேறு மடல்.

கொல்கத்தாவுக்கு அடுத்த டெஸ்டில் குவாஹாட்டியில் நல்ல பிட்ச் போட்டோமே, அங்கேயும் 408 ரன்னில் தோற்றோமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நல்ல பிட்சில் பொறுமையாக நின்று ஆடுவதும் நாள் முழுக்கப் பந்து போடுவதும் பழகினால்தான் வரும். மூன்று நாள் பிட்சிலேயே ஆடிப் பழகினால் ஐந்து நாள் ஆட்டம் எங்கிருந்து வரும்? ஒரு குவாஹாட்டியைக் காட்டிப் பின்வாங்காதீர்கள். நாலு தோல்வி வந்தாலும் வரட்டும்.

ஆகவே பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். பிட்ச் விஷயத்தில் கேப்டனும் பயிற்சியாளரும் உத்தரவு போடுவதை நிறுத்துங்கள். அந்த வேலையை மண் தெரிந்த மைதான ஊழியர்களிடம் விடுங்கள். வான்கடேயின் செம்மண்ணில் எப்போது தண்ணீரை நிறுத்த வேண்டும், எவ்வளவு ரோலர் ஓட்ட வேண்டும், எவ்வளவு புல் விட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். தண்ணீரை எந்தத் தேதியில், யார் சொல்லி நிறுத்தினார்கள் என்பதை டாஸுக்கு முன்பே எழுதி வெளியிடுங்கள். டிக்கெட் வாங்குகிறவன் அதைப் பார்த்து, ஊறப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்வான்.

அடுத்து ஆஸ்திரேலியா இங்கே வருவதற்குள்ளாவது இதைச் செய்யுங்கள். பதில் எழுதுவதானால் இந்தியிலோ மராத்தியிலோ இருந்தாலும் பரவாயில்லை, நாங்கள் வாசித்துக்கொள்வோம். அண்ணாச்சிக்கு நான் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தாராவியிலிருந்து ஒரு டெஸ்ட் ரசிகன்