பெர்த்துக்கு ஒரு புத்தகப் பெட்டி

அங் மோ கியோ,
சிங்கப்பூர்.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் பேசியபோது, பிள்ளைகள் இருவருக்கும் தமிழில் என்ன வாங்கிக் கொடுக்கலாம், புதிதாக என்னென்ன வந்திருக்கின்றன என்று கேட்டாய். இரண்டு மூன்று பெயர்களைச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட எனக்கு மனம் வரவில்லை. முப்பது ஆண்டுகள் தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பித்தவள் நான். இதைப் பொறுமையாக யோசித்துத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதனால் மூன்று நாள் காலையில் நம் அங் மோ கியோ நூலகத்துக்குப் போய், தமிழ் அலமாரிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் பேத்தியும் பேரனும் படித்தால் எங்கே தடுமாறுவார்கள், எங்கே சிரிப்பார்கள் என்று எண்ணிக்கொண்டே ஒவ்வொரு நூலாகப் புரட்டிப் பார்த்தேன்.

முதலில் மூத்தவளைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அவளுக்குப் புத்தகம் தேடுவதுதான் கடினமாக இருந்தது. அவள் இங்கே தொடக்கநிலை மூன்று வரை தமிழ் படித்தாள். பிறகு நீங்கள் பெர்த்துக்குக் குடிபோய்விட்டீர்கள். இப்போது அவளுக்கு வயது பதின்மூன்று. ஆனால் அவளுடைய தமிழ் வாசிப்புக்கு இன்னும் எட்டு வயதுதான். ஆங்கிலத்தில் நானூறு பக்க நாவலை இரண்டு நாளில் முடித்துவிடும் பெண், தமிழில் ஒரு வரியை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் வழக்கமாக எடுத்துக் கொடுப்பது காக்கையும் நரியும் வரும் படக்கதைகளைத்தான். எழுத்து எளிது என்பது உண்மை. ஆனால் தம்பி படிக்க வேண்டிய புத்தகத்தைத் தன் கையில் கொடுத்துவிட்டார்கள் என்று அவள் மனம் குன்றிப்போவதை நாம் கவனிப்பதில்லை. அந்த வயதில் ஒருமுறை அப்படிக் குன்றிப்போனால், மொழியின் மீதே வெறுப்பு வந்துவிடுகிறது. அவளுக்கு வேண்டியது, சொல்கிற விஷயம் பதின்மூன்று வயதுக்கு ஏற்றதாகவும் சொல்கிற தமிழ் எட்டு வயதுக்கு எட்டக்கூடியதாகவும் இருக்கும் புத்தகம். இந்த அளவுகோலை வைத்துத்தான் நான் தேடினேன்.

தமிழ்ப் பக்கம் ஒன்று அவளுக்கு ஏன் மலையாகத் தெரிகிறது என்பதை நீ புரிந்துகொண்டால், இனிமேல் நீயே புத்தகம் தேர்ந்தெடுத்துவிடலாம். நம் மொழியில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். "போய்க்கொண்டிருந்தவர்களையெல்லாம்" என்று ஒரே மூச்சில் எழுதிவிடுகிறோம். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் அந்தச் சொல்லின் கடைசிக்கு வருவதற்குள் அதன் தொடக்கத்தை மறந்துவிடுவாள். அடுத்தது, வீட்டில் அவள் கேட்கும் தமிழ் ஒன்று, புத்தகத்தில் இருக்கும் தமிழ் இன்னொன்று. "மழை வந்துச்சு" என்று கேட்டுப் பழகியவளுக்கு "மழை பொழிந்தது" என்பது பாதி அந்நியமாகத்தான் இருக்கும். ஆகவே ஒரு புத்தகத்தை எடுத்தவுடன் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பார். உரையாடல் நிறைய இருக்கிறதா, அந்த உரையாடல் நாம் பேசுவதைப்போல் இருக்கிறதா, நீண்ட சொற்களைப் பிரித்து அச்சிட்டிருக்கிறார்களா, வரிகளுக்கு இடையே இடம் விட்டிருக்கிறார்களா என்று கவனி. இவை இருந்தால், பக்கம் நூற்றைத் தாண்டினாலும் அவளால் படிக்க முடியும். இன்னொன்றும் உண்டு: தாத்தாவின் அலமாரியில் உள்ள பழைய நூல்களை ஆசைப்பட்டு அவளிடம் கொடுத்துவிடாதே. தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்பு அச்சானவற்றில் "லை", "னை" போன்ற எழுத்துகள் யானைத் தும்பிக்கையோடு இருக்கும். நமக்கு அவை பழகியவை; அவளுக்கோ யாரும் சொல்லித் தராத வேறோர் எழுத்தாகவே தெரியும்.

இனி நூல்களுக்கு வருகிறேன். புதியவற்றில் நல்லவற்றை அறிய எனக்கு உதவியாக இருப்பது சாகித்திய அகாதமி 2010 முதல் ஆண்டுதோறும் வழங்கிவரும் பால சாகித்திய புரஸ்கார் விருதுப் பட்டியல். விருது பெற்றவை எல்லாம் எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் தேடத் தொடங்குவதற்கு அது நல்ல இடம். அதில் 2023இல் விருது பெற்ற உதயசங்கரின் "ஆதனின் பொம்மை"யைத்தான் அவளுக்கு முதலில் தருவேன். அது கீழடியைக் களமாகக் கொண்ட இளையோர் நாவல். அவளுக்குப் பழைய ரோமாபுரியும் எகிப்தும் பிடிக்கும் என்று நீதான் சொன்னாய். வைகைக் கரையில் தோண்டிய குழிகளிலிருந்து பானை ஓடுகள் கிடைத்தன என்பதையும், அவற்றில் "ஆதன்" போன்ற பெயர்களைத் தமிழி என்ற பழங்காலத் தமிழ் எழுத்தில் யாரோ கீறி வைத்திருந்தார்கள் என்பதையும், அங்கே கிடைத்தவற்றின் காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை செல்கிறது என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் அறிவித்தது என்பதையும் முதலில் கதைபோல் அவளிடம் சொல். கீழடியில் 2023இல் அருங்காட்சியகமும் திறந்துவிட்டார்கள். அதன் படங்களைக் காட்டு. தன் பெயரைத் தன் பானையில் எழுதி வைத்த ஒருவன் இருந்தான் என்று தெரிந்த பிறகு அந்தப் புத்தகத்தைக் கையில் கொடு. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு அவளுக்கு அப்போது ஒரு காரணம் இருக்கும்.

அடுத்தது யெஸ். பாலபாரதியின் "மரப்பாச்சி சொன்ன ரகசியம்". 2020ஆம் ஆண்டு விருது பெற்றது. பேசும் மரப்பாச்சிப் பொம்மை ஒன்றின் வழியாக, தவறான தொடுதல் என்றால் என்ன, அதை ஏன் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதைப் பிள்ளைகள் பயப்படாத வகையில் எடுத்துச் சொல்லும் கதை. இதை முதலில் நீ படி. படித்துவிட்டு அவளோடு சேர்ந்து இன்னொரு முறை படி. இந்த விஷயங்களை நான் உன்னிடம் பேசியதே இல்லை. எங்கள் காலத்தில் எந்தத் தாயும் பேசவில்லை என்பது அதற்குச் சமாதானமாகாது. தமிழில் இப்படி ஒரு நூல் அன்றைக்கு என் கையில் இருந்திருந்தால், எந்தச் சொல்லில் தொடங்குவது என்றாவது எனக்குத் தெரிந்திருக்கும். 2025இல் விருது பெற்ற விஷ்ணுபுரம் சரவணனின் "ஒற்றைச் சிறகு ஓவியா"வையும் பெட்டியில் வைத்திருக்கிறேன். முதல் இரண்டும் முடிந்த பிறகு, அவளே கேட்டால் கொடு.

இவை மட்டும் போதாது. அவள் ஏற்கெனவே ஆங்கிலத்தில் படித்து மனத்தில் வைத்திருக்கும் ஒரு கதையைத் தமிழில் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்திருப்பதால், தெரியாத சொல் வந்தாலும் கதை அறுந்துபோகாது. "குட்டி இளவரசன்" அவளுக்கு மிகவும் பிடித்த புத்தகம் அல்லவா? அதை ச. மதனகல்யாணியும் வெ. ஸ்ரீராமும் பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழாக்கினார்கள், க்ரியா வெளியிட்டது. 1981இல் வந்ததைப் புதிய நூல் என்று சொல்ல முடியாதுதான். இருந்தாலும் அந்த மொழிபெயர்ப்பின் தெளிவுக்காக அதையும் சேர்த்துவிட்டேன். நரி பேசும் பகுதியை மட்டும் முதல் நாள் படிக்கச் சொல். முழுப் புத்தகத்தையும் முதலிலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதே.

தமிழ்நாட்டு நூல்களில் இன்னொரு தடையும் உண்டு. திண்ணை, கண்மாய், களத்துமேடு என்று வரும்போது அவளுக்குச் சொல் மட்டுமல்ல, பொருளே தெரியாது. அகராதியைப் பார்த்தாலும் மனத்தில் படம் விரியாது. ஆகவே நம் ஊர் எழுத்தும் கலந்து இருக்கட்டும். தமிழ் முரசில் வரும் மாணவர் முரசுப் பக்கங்களிலிருந்து பன்னிரண்டு கட்டுரைகளை வெட்டி ஓர் உறையில் போட்டிருக்கிறேன். உணவங்காடி நிலையம், விரைவு ரயில், அடுக்குமாடி வீடு, பள்ளிக் கலைவிழா என்று அவள் கண்ணால் கண்டவற்றைப் பற்றியவை. அவளைவிட இரண்டு மூன்று வயது மூத்த மாணவர்களே எழுதியவையும் அவற்றில் இருக்கின்றன. அளவும் சிறியது. ஒரு கட்டுரையை முடித்துவிட்டோம் என்ற நிறைவு அவளுக்கு வாரம் ஒருமுறையாவது கிடைக்க வேண்டும்.

சின்னவனுக்கு ஆறு வயது. அவன் நிலைமை வேறு. அவனுக்குத் தமிழ் காதில் இருக்கிறது, கண்ணில் இல்லை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று 247 எழுத்தையும் கற்ற பிறகுதான் புத்தகம் என்று வைத்துக்கொண்டால், அவன் ஆர்வம் அதற்குள் வற்றிவிடும். நான் வகுப்பில் செய்ததைச் சொல்கிறேன். ட, ப, ம என்ற மூன்று எழுத்தும் புள்ளியும் தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொற்களைப் படித்துவிடலாம். அன்றைக்கே தானாக ஒரு சொல்லைப் படித்த பிள்ளையின் முகத்தை நான் பல முறை பார்த்திருக்கிறேன். வாரம் இரண்டு எழுத்தைச் சேர்த்துக்கொண்டே போ. காலும் கொம்பும் பிறகு வரட்டும்.

அவனுக்கு நீ காசு கொடுத்து நிறைய வாங்க வேண்டியதில்லை. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள்; முதல் நிலைக் கதைகள் சொற்கள் மிகக் குறைந்தவை, சிலவற்றில் பக்கத்துக்கு ஒரே ஒரு வரிதான். தாளில் அச்செடுத்து நூலால் தைத்துக் கொடு, திரையில் வேண்டாம். அவன் விரல் வைத்துப் படிக்க வேண்டும். சென்னைத் துளிகா பதிப்பகத்தின் இருமொழிப் படநூல்கள் நான்கு அனுப்புகிறேன். ஓவியங்கள் மிக அழகு. ஆனால் ஒரே பக்கத்தில் ஆங்கிலமும் இருந்தால், ஆங்கிலம் படிக்கப் பழகிவரும் கண் அங்கேதான் முதலில் ஓடும். ஆகவே முதல் வாசிப்பில் ஆங்கில வரியின் மேல் ஒரு துண்டு அட்டையை வைத்து மறைத்துவிடு. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் பாடல்களில் நீ அவனுக்கு ஏற்கெனவே பாடிக் காட்டியவற்றைப் பெரிய எழுத்தில் என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன். வாய் அறிந்த பாட்டைக் கண் எளிதாகப் பின்தொடரும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு முடியவில்லை. நீ தொடக்கநிலை மூன்றில் இருந்தபோது தினமும் இரவு உணவுக்குப் பிறகு உன்னை மேசையில் உட்காரவைத்து, நீதிக்கதைத் தொகுப்பு ஒன்றை உரக்கப் படிக்கச் சொன்னேன். லகர, ளகர, ழகரம் ஒவ்வொன்றிலும் உன்னை நிறுத்தித் திருத்தினேன். ஒரு பக்கத்தில் இருபது முறை நிறுத்தியிருப்பேன். பள்ளியில் மற்றவர் பிள்ளைகளிடம் காட்டிய பொறுமையை என் மகளிடம் காட்டவில்லை. தேர்வில் நீ நல்ல மதிப்பெண் எடுத்தாய், ஆனால் அதற்குப் பிறகு நீயாக ஒரு தமிழ்க் கதைப் புத்தகத்தை எடுத்து நான் பார்க்கவில்லை. அந்தத் தவறு முழுவதும் என்னுடையது. உன் பிள்ளைகளிடம் நீ அதைச் செய்யாதே. மூத்தவள் படிக்கும்போது பொருள் மாறிவிடும் அளவுக்குப் பிழை வந்தால் மட்டும், வரி முடிந்த பிறகு அந்தச் சொல்லை நீ சரியாக ஒருமுறை சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்ந்து பேசு. உச்சரிப்பு கேட்டுக் கேட்டுத்தான் வரும்.

நீ இன்னும் சிங்கப்பூர்க் குடியுரிமையை வைத்திருப்பதால், தேசிய நூலக வாரியத்தின் செயலி வழியாகத் தமிழ் மின்னூல்களை அங்கிருந்தே இரவல் வாங்கலாம். உன் உறுப்பினர் கணக்கைத் திறந்து பார். மூத்தவள் ஒரு நூலை முதல் பத்துப் பக்கத்தில் கைவிட்டால் கைவிடட்டும். இரவல் நூலில் நமக்கு இழப்பு ஒன்றுமில்லை.

நமக்கும் பெர்த்துக்கும் கடிகாரம் ஒன்றாகவே ஓடுவதை நான் பெரிய வசதியாக நினைக்கிறேன். திங்கள், புதன், வெள்ளி இரவு ஏழரை மணிக்குக் காணொளியில் நான் மூத்தவளோடு படிக்கிறேன். ஒரு பக்கம் நான், ஒரு பத்தி அவள். அவள் படிக்கும் அதே புத்தகம் என்னிடமும் ஒன்று இருப்பதற்காக "ஆதனின் பொம்மை"யை இரண்டு பிரதி வாங்கிவிட்டேன். சின்னவனுக்குச் சனிக்கிழமை காலை. பெட்டியை இன்று பிற்பகல் அப்பா அஞ்சலகத்துக்கு எடுத்துப் போகிறார். வந்து சேர்ந்ததும் முதலில் அவளையே பிரிக்கச் சொல், எந்த அட்டைப் படத்தை அவள் முதலில் கையில் எடுத்தாள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா