இரண்டு முட்டை

பந்தலூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

உன் மூன்று கடிதங்களுக்கும் சேர்த்து ஒரே பதில். திட்டிக்கொள். அம்மா நலம். மீசை வாத்தியார் இன்னும் "ஆட்டுக்குட்டி எப்படி இருக்கிறான்?" என்றுதான் உன்னை விசாரிக்கிறார்.

வேலை கிடைக்கவில்லை. வேலையற்றோர் உதவித்தொகை வருகிறது. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 1,800. மூன்று வருடத்தோடு நின்றுவிடும். எனக்கு இது கடைசி வருடம்.

வீட்டில் உட்கார முடியாமல், டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லைன் வீடுகளில் கிழவிகளுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை. ஆனால் போன வாரம் டீக்கடையில் ஒருவர், "வேலையும் பார்த்துக்கொண்டு உதவித்தொகையும் வாங்குகிறாயா? எழுதிப் போடுகிறேன்" என்றார். அன்று காலைதான் ராக்காயிப் பாட்டி என் பையில் இரண்டு முட்டை வைத்திருந்தார். அது கூலியில் சேருமா என்று இரவெல்லாம் புரண்டேன். சிரிக்காதே.

வருடாந்தர உறுதிமொழிப் படிவம் கொடுக்க எப்படியும் ஊட்டிக்குப் போக வேண்டியிருந்தது. விடியற்காலை பஸ், வழியில் யானை நின்றதால் முக்கால் மணி நேரம் தாமதம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் முட்டையையும் மறைக்காமல் சொன்னேன். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "சம்பளம் உண்டா?" என்றார். இல்லை என்றேன். "பிறகென்ன, கையெழுத்துப் போடுங்கள்." போட்டேன். எந்தப் பணியிலும் இல்லை என்று எழுதிய இடத்தில்தான் பேனா கொஞ்சம் நின்றது. அந்த வாரம் மட்டும் பதினொரு மனு எழுதியிருந்தேன், சேகர்.

பாட்டி விஷயத்துக்கு வருகிறேன். 1974இல் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர். அப்படித் திரும்பி வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையில், கைக்குழந்தையோடு நிற்கும் படம் இருக்கிறது. ஆதாரிலோ பிறந்த வருடம் 1968. ஆறு வயதில் தாயாகிவிட்டார் என்று ஆகிறது! ஆதார்படி அறுபது ஆகாததால் முதியோர் உதவித்தொகை இல்லை. அட்டையில் வயது எழுதிய இடத்தைக் கரையான் தின்றுவிட்டது. பிறப்புச் சான்றுக்கு எங்கே போவது? முதுகு வளைந்து, கொழுந்துக் கூடையைத் தூக்க முடியாமல் நிற்கிறவரிடம் "இன்னும் வயதாகவில்லை" என்று எந்த வாயால் சொல்வேன்?

நீ ராமநாதபுரத்தில்தானே இருக்கிறாய். முகாமின் பழைய பதிவேட்டிலிருந்து நகல் எடுக்க முடியுமா, யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்று விசாரித்து எழுது. அட்டை எண்ணைப் பின்பக்கம் குறித்திருக்கிறேன். முட்டை வேண்டுமானால் அனுப்பி வைக்கிறேன்.

உன்,
குமார்