முழங்காலைக் காட்டு

அன்பு மகனே,

அஸ்ஸலாமு அலைக்கும். கடலை பிடுங்கி முடித்தாயிற்று. விளைச்சல் மோசமில்லை.

இதைப் போனில் பேச முடியாது. உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். உன் முழங்கால் வீங்கியிருக்கிறதாம், இரண்டு மாதமாக வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு கால்பந்துப் பயிற்சிக்குப் போகிறாயாம், கிளப் மருத்துவரிடம் வாய் திறக்கவில்லையாம். பிரான்ஸில், மார்செயில் இருக்கும் உன் பெரியப்பா மகன் சொன்னான். அவனைத் திட்டாதே. நான்தான் துருவிக் கேட்டேன்.

போன வாரம் இரத்த அழுத்தம் பார்க்கப் பம்பாலி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நம் செனகல் கால்பந்து வீரன் சாடியோ மானே தன் ஊருக்காகப் பணம் கொடுத்து 2021-இல் திறந்ததே, அதுதான். அவனுடைய தகப்பனார் நோயில் விழுந்தபோது அந்த ஊரில் ஆஸ்பத்திரி இல்லை. பையனுக்கு அப்போது ஏழு வயதோ என்னவோ. பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இருந்த கிழவர், "உன் மகன் நம் ஊருக்கு எப்போது ஒன்று கட்டப்போகிறான்?" என்று கேட்டார். சிரித்து வைத்தேன். வீடு திரும்பும் வழியில் சிரிப்பு வரவில்லை.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் அணிக்காக 2015-இல் இரண்டு நிமிடம் 56 வினாடியில் மானே மூன்று கோல் போட்டதை நம் ஊர்ச் சிறுவர்கள் கூடத் தூக்கத்தில் சொல்வார்கள். கேமரூனின் யவுந்தேயில் எகிப்துக்கு எதிரான ஆப்பிரிக்கக் கோப்பை இறுதிப் போட்டியில் தொடக்கத்திலேயே பெனால்டியை வீணாக்கிவிட்டு, கடைசிப் பெனால்டியை அவனே அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்த இரவு, உன் அம்மா தெருவில் ஆடினாள். ஆனால் அவன் பிரான்ஸின் மெட்ஸ் அணியில் இருந்த முதல் ஆண்டைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை. கோல்கள் சொற்பம், 2012-இல் அந்த அணியே மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கியது. அதற்குப் பிறகுதான் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் அணி அவனை வாங்கியது. 2022 நவம்பரில் கால் எலும்பில் அடிபட்டபோதும், உலகக் கோப்பையை விட்டுவிட்டு அறுவைச் சிகிச்சைக்குப் போனான். நாடே அழுதது, அணி அவன் இல்லாமலே நாக்-அவுட் வரை போயிற்று.

நீ மறைப்பதற்குப் பாதிக் காரணம் நான்தான். உனக்கு 16 வயதில் ஐரோப்பாவுக்கு அனுப்புகிறேன் என்று வந்த ஏஜென்ட் இரண்டு மாட்டின் பணத்தோடு மறைந்தானே, 18 வயதுக்கு முன் வெளிநாட்டுக் கிளப்புக்கு மாற, உலகக் கால்பந்து அமைப்பான பிஃபாவின் விதி பொதுவாக விடாது என்பதுகூட அன்று எனக்குத் தெரியாது. அந்த மாடுகளை நான் எத்தனை முறை உன்னிடம் சொல்லிக் காட்டியிருக்கிறேன்! போன மழைக்காலத்தில் கூரைத் தகரத்துக்கும் பணம் கேட்டேன். பதினைந்தே நாளில் அனுப்பினாய். அப்போதும் உனக்கு வலி இருந்திருக்கிறது.

தகரம் வாங்கவில்லை. பணம் அப்படியே இருக்கிறது. இன்னும் ஒரு மழையைப் பழைய கூரை தாங்கும்; ஒழுகுவது ஆட்டுக்கொட்டில் பக்கம் மட்டும்தான். இந்த மாதமும் அடுத்த மாதமும் எதுவும் அனுப்பாதே. திங்கட்கிழமை காலை முதல் வேலையாக மருத்துவரிடம் போ. ஒப்பந்தம் போனால் போகட்டும். நவெத்தான் என்ற நம் மழைக்காலக் கால்பந்துப் போட்டிகளில் வெறுங்காலோடு ஓடி வளர்ந்தவன் நீ. கால் நன்றாக இருந்தால் இன்னொரு கிளப் கிடைக்கும்.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. நீயே சொல்.

வெள்ளிக்கிழமை வீடியோவில் பேசும்போது முகத்தை மட்டும் காட்டிச் சிரிக்காதே. போனைக் கீழே இறக்கி முழங்காலைக் காட்டு.

உன் அப்பா