தூரிகை எழுத்துருவைக் கையாளும் வணிகப் பெருமக்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரத்து வணிகப் பெருமக்களுக்கும், அவர்களுக்குப் பலகையும் பையும் அச்சிட்டுத் தரும் அச்சகத்தாருக்கும் வணக்கம்.

பலகாரக் கடை, கண்டாங்கிச் சேலைக் கடை, ஆத்தங்குடிக் கல் விற்கும் கடை எனப் பலவற்றிலும் இப்போது தூரிகையால் எழுதியது போன்ற எழுத்துருக்கள் பெயர்ப்பலகைக்கு வந்திருப்பதை மனமார வரவேற்கிறேன். ஆனால், அவற்றின் இயல்பை அறியாமல் கண்ட இடத்திலெல்லாம் இட்டு நிரப்புவது கடைக்கும் நல்லதன்று, எழுத்துக்கும் நல்லதன்று.

தட்டைத் தூரிகையைச் சற்றே சாய்த்துப் பிடித்து ‘ழ’ எழுதினால், இறங்கும் கோடு பட்டையாக விழுந்து, வளைவில் மெலிந்து, கடைசி இழுப்பில் வண்ணம் வற்றி மயிரிழைகளாகப் பிரியும். அந்தத் தடிப்பும் மெலிவும், ஓரத்துச் சொரசொரப்புமே இவ்வெழுத்துருவின் அழகு. ஓரடி உயரத்தில் நிற்கும்போது அவை எழுதிய கையின் வேகத்தைக் காட்டும். அதையே சிறிதாக்கினால் ண, ன, ஞ ஆகியவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். புள்ளி கீழே உள்ள எழுத்தோடு ஒட்டி மறையும். சீப்புச்சீடைப் பொட்டலம் ஒன்றில் சேர்பொருள்கள், நிகர எடை, பயன்படுத்த வேண்டிய நாள் எல்லாமே தூரிகை எழுத்தில் இருக்கக் கண்டேன். ‘அரிசி’யைத் தவிர வேறெதையும் படிக்க முடியவில்லை. உண்பவர் அறிய வேண்டிய செய்தியை அலங்காரத்துக்குப் பலியிடுவது எவ்வகையிலும் முறையாகாது. கடைப்பெயரும் திருவிழாத் தலைப்பும் தூரிகையில் இருக்கட்டும். முகவரி, விலை, தொலைபேசி எண் ஆகியவை எளிய எழுத்தில் இருக்கட்டும்.

தேர்வு செய்யும்போதும் கவனம் வேண்டும். தமிழில் 247 எழுத்துகள் என்றாலும் துணைக்கால், கொம்பு போன்றவை தனித்து நிற்பதால் அத்தனையையும் தனித்தனியே வரைய வேண்டியதில்லை. உகர, ஊகார வரிசைகளோ அப்படியல்ல. கு, டு, மு, ளு, கூ, டூ என ஒவ்வொன்றும் தன் போக்கில் வளைவதால், அவற்றைத் தூரிகையாலேயே எழுதியிருக்க வேண்டும். இங்கேதான் பல எழுத்துருக்கள் சறுக்குகின்றன: ‘க’ உயிரோட்டமாக இருக்கும், ‘கு’வின் வால் ஒட்டுப்போட்டதாகத் தெரியும். ‘செட்டிநாட்டு’ என்று தட்டச்சு செய்து பாருங்கள். இரண்டு ‘ட்’டும் இம்மியும் பிசகாமல் ஒன்றுபோல இருந்தால் கையெழுத்து என்னும் தோற்றமே கலைந்துவிடும். நன்றாகச் செய்யப்பட்ட எழுத்துருவில் ஒரே எழுத்துக்கு மாற்று வடிவங்கள் இருக்கும். ஓபன்டைப் (OpenType) என்னும் எழுத்துரு நுட்பம் அவற்றை இடமறிந்து மாற்றித் தரும்.

அச்சகத்தாருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். பலகையின் அகலத்துக்கு ஏற்ப எழுத்தை இழுத்து நீட்டாதீர்கள். தடிப்புக்கும் மெலிவுக்கும் உள்ள பொருத்தம் அப்போதே குலைந்துவிடும். நிழலும் கரைக்கோடும் சேர்த்தால் சொரசொரப்பு வெறும் அழுக்காகத் தெரியும். சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் இலவசம் என்று தரப்பட்ட எழுத்துருக்களை வணிகப் பலகைக்கு எடுக்கும்முன் உரிமத்தைப் படித்து, உரிய தொகையைச் செலுத்துங்கள்.

பிளக்ஸ் வந்தபின் வேலை குறைந்துபோன பெயர்ப்பலகை ஓவியர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். வணிகர் சங்கங்கள் கூடி, அவர்களுக்கு முறையான ஊதியம் கொடுத்து முழு நெடுங்கணக்கையும் எழுதி வாங்கி, அவர்கள் பெயரிலேயே ஓர் எழுத்துருவை வெளியிட வேண்டுகிறேன். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
காரைக்குடி வாசகர் ஒருவர்