கொடுத்தவர்களுக்கும் கொடுக்காமல் திரும்பியவர்களுக்கும்

அன்புடையீர், வணக்கம்.

கல்லீரல் நீர்க்கட்டி நோய் முற்றியவர்களுக்குக் கைகொடுத்த அனைவருக்கும் எங்கள் நன்றி.

வஞ்சகமான நோய் இது. ஒன்றரைக் கிலோ இருக்க வேண்டிய கல்லீரல் 8, 10 கிலோவாக வீங்கி வயிற்றை அடைத்தாலும், ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் குறை சொல்லாது. அதனால், மாற்றுக் கல்லீரல் யாருக்கு அவசரம் என்று ரத்தப் பரிசோதனையை வைத்துக் கணக்கிடும் மெல்ட் மதிப்பெண் குறைவாகவே வரும். காத்திருப்போர் பட்டியலில் முன்னேறுவது கடினம். உயிரோடிருப்பவர் தரும் கல்லீரல் பகுதி இங்கேதான் பெரிய உதவியாகிறது.

தங்கள் கல்லீரலின் வலப்பகுதியை, ஏறக்குறைய 60 விழுக்காட்டை, தந்தவர்களுக்கு முதல் வணக்கம். பரிசோதனைக்கு வந்து, யோசித்து, வேண்டாம் என்று விலகியவர்களுக்கும் அதே அளவு நன்றி. சிங்கப்பூர்ச் சட்டப்படி மருத்துவமனையின் நெறிமுறைக் குழு எழுத்தில் அனுமதி தந்தாக வேண்டும். கொடையாளர் மனமுவந்து வருகிறாரா, உறவினர் நெருக்குதலா என்று துருவிக் கேட்பார்கள். அந்தக் கேள்விகளைத் தமிழில் நிதானமாக விளக்கிய மொழிபெயர்ப்பாளர்களை மறக்க முடியாது.

உணவியல் நிபுணர்களுக்குத் தனி நன்றி. தராசு இங்கே பொய் சொல்லும். கல்லீரல் கனக்கக் கனக்கத் தசை கரைவது எடையில் தெரியாது. கைப்பிடி வலிமையையும் மேற்கைச் சுற்றளவையும் அளந்து, ஒரே வேளையில் நிறைய உண்ண முடியாதவர்களுக்கு ஆறு சிறு வேளைகளாகப் பிரித்துக் கொடுத்தார்கள். கொடைக் கல்லீரல் குறைந்தது நோயாளியின் உடல் எடையில் 0.8 விழுக்காடு இருக்க வேண்டும் என்பார்கள். வீங்கிய கல்லீரலின் கனத்தைக் கழிக்காவிட்டால் அந்தக் கணக்கே தப்பாகிவிடும்.

அறுவை அரங்கில் இருந்தவர்களின் பொறுமையை என்னவென்று சொல்வது! உடலின் கீழ்ப்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் கீழ்ப் பெருஞ்சிரை, கொடையாளரின் பகுதியோடு வராது. நோயாளியின் சிரையையே காப்பாற்றியாக வேண்டும். கட்டிகளோ அதைச் சுற்றி ஒட்டிக் கிடக்கும். அவற்றிலுள்ள நீரை உறிஞ்சி இடம் பண்ணிக்கொண்டு, சிறு சிறு கிளைச் சிரைகளாகக் கட்டிப் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் ரத்தம் கொட்டும். புதிய பகுதி அகன்ற வயிற்றில் உருண்டு, சிரை மடங்கிவிடாமலும் பார்க்க வேண்டும். ரத்த தானம் செய்த முகம் தெரியாதவர்களே, உங்கள் பைகள் அந்த நேரத்திற்குத்தான்.

புதிய கல்லீரலை உடல் நிராகரிக்காமல் காக்கும் டாக்ரோலிமஸ் மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் நாளில், “ரத்தம் எடுத்த பிறகுதான் காலை மாத்திரை” என்று விடிகாலையில் தொலைபேசியில் நினைவூட்டும் தாதியர்களுக்கும், சீனப் புத்தாண்டில் ஆசையாய் நீட்டப்படும், ஆனால் அந்த மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடக்கூடிய பம்ளிமாஸை நோயாளிக்குக் கொடுக்காமல் தடுத்த பராமரிப்பாளர்களுக்கும் நன்றி.

இப்படிக்கு,
நோயாளிகள், குடும்பத்தார் சார்பில்